விழுப்புரத்தில் மறையாத நட்சத்திரம்

தேன்மொழி கேட்டது சின்னக் கேள்விதான். சிறுகோள் ஒன்று எந்த நேரத்தில், எந்த ஊரில் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் என்று கணினி மென்பொருள் சொல்கிறதே, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? சென்னையில் நான் வேலை பார்த்த ஆய்வு நிலையத்தில், நான் உட்கார்ந்திருந்த கணக்கீட்டுப் பிரிவில் இப்போது இருக்கிற பெண் அவள். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் படிக்கக் கொடுக்க இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்றாள். நான் ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது. திண்டிவனத்தில் வீட்டோடு இருக்கிறேன். சர்க்கரை இருக்கிறது. அரை மணி நேரம் குனிந்து எழுதினால் கழுத்து பிடித்துக்கொள்கிறது. நான்கு முறை சாக்குச் சொன்னேன். ஐந்தாவது முறை அவள் கேட்கவில்லை, ஒரு வரைபடத்தை மட்டும் அனுப்பினாள். அதைப் பார்த்த பிறகு சாக்குச் சொல்ல முடியவில்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நட்சத்திர ஒளியில் சிறுகோளின் நிழல் பூமியில் விழுந்து ஓடும். சிறுகோள் எவ்வளவு அகலமோ, நிழலும் ஏறத்தாழ அவ்வளவுதான். நிழல் போகிற பாதைக்குள் நிற்பவருக்கு அந்த நட்சத்திரம் சில வினாடி காணாமல் போய்த் திரும்பும். பாதைக்கு வெளியே நிற்பவருக்கு எதுவுமே நடக்காது. பல ஊர்களில் ஆட்களை நிறுத்தி அந்த வினாடிகளை அளந்தால், பெரிய தொலைநோக்கியிலும் புள்ளியாகத் தெரிகிற ஒரு பாறையின் அளவையும் உருவத்தையும் வரைந்துவிடலாம். எந்தெந்த ஊரில் நிறுத்துவது என்று சொல்வதுதான் என் வேலை.

அதில் என்ன கஷ்டம் என்றால், பாகை ஒன்றை முப்பத்தாறாயிரம் கூறாக்கி, அதில் ஒரு கூறு அளவு கணித்த இடம் பிசகினால் போதும். முப்பது கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சிறுகோளின் நிழல் தரையில் நூற்றைம்பது கிலோமீட்டர் விலகிப் போய்விடும். விழுப்புரத்தில் விழ வேண்டியது சென்னையில் விழும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கைப்பிடியைச் சுற்றிக் கணக்குப் போடுகிற பொறிதான் இருந்தது. ஒரு பாதையைப் போட்டு முடிக்க மூன்று நாள் ஆகும். பிறகு அறை முழுக்க ஒரு கணினி வந்தது, அதற்குப் பிறகு மேசை மேல் ஒன்று வந்தது. அந்த இருபது வருடத்தைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை. கணக்குப் போட்டேன், கல்யாணம் ஆனது, கண்ணாடி போட்டுக்கொண்டேன்.

எங்கள் பிரிவின் தலைவர் தாமோதரன் சார். அரைக்கைச் சட்டை, தோளில் ஒரு துணிப்பை. யாரையும் அவர் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் கொடுக்கிற தாளை முதலில் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். முடிவை முதலில் பார்த்தால் நடுவில் இருக்கிற தப்பு கண்ணுக்குப் படும் என்பார். எந்த எண்ணையும் தனியாக ஒப்புக்கொள்ள மாட்டார். பென்சிலால் அதன் கீழே லேசாக ஒரு கோடு போட்டுவிட்டு, "முன்ன பின்ன எவ்வளவு?" என்று கேட்பார். பிழை எவ்வளவு இருக்கலாம் என்று அர்த்தம். தெரியவில்லை என்று சொன்னால் கோபிக்க மாட்டார். தாளை நம் பக்கம் மெதுவாகத் தள்ளிவிட்டு, தெரிந்த பிறகு வாருங்கள் என்பார். காலையில் பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று பியூன் சொன்னாலும் அதே கேள்வி வரும். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு என் வீட்டிலும் நான் அதையே கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

கவனிக்கப் போகிறவர்களுக்கு அவர் எழுதி வைத்திருந்த நடைமுறை ஒரே பக்கம். நட்சத்திரத்தை ஒரு மணி நேரம் முன்பே பிடித்துவிட வேண்டும். பத்து நிமிடம் முன்னதாக டேப் ரெக்கார்டரை ஓடவிட வேண்டும். பக்கத்தில் ரேடியோவைச் சிற்றலையில் வைத்தால் வினாடிக்கு ஒரு தரம் 'டிக்' என்று நேரச் சத்தம் வரும். அதுவும் நம் குரலும் ஒரே கேசட்டில் பதிய வேண்டும். முதலில் பெயர், ஊர். அடுத்து, தொலைநோக்கியில் நட்சத்திரத்தைச் சுற்றி என்னென்ன தெரிகிறது என்று வாயால் சொல்ல வேண்டும். சரியான நட்சத்திரத்தைத்தான் பார்க்கிறோம் என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு கண்ணை எடுக்காமல் பத்து வினாடிக்கு ஒரு தரம் 'இருக்கு' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மறைந்தால் 'போச்சு'. திரும்பினால் 'வந்துச்சு'. மறையாவிட்டால் மறையவில்லை என்று எழுத வேண்டும். அதுவும் ஓர் அளவுதான் என்று அந்த வரியின் கீழ் மட்டும் சார் இரண்டு கோடு போட்டிருந்தார்.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு தை மாதம், இரவு எட்டு மணி சுமாருக்கு, நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலமுள்ள நிழல் ஒன்று எங்கள் மாவட்டத்தைக் கடப்பதாகக் கணக்கு வந்தது. கிழக்கே கடலிலிருந்து மேற்கே போகிறது. வாழ்நாளெல்லாம் ஆப்பிரிக்காவிலும் பசிபிக் கடலிலும் விழுகிற நிழல்களைக் கணக்குப் போட்ட எனக்கு, சொந்த ஊர்ப் பக்கம் ஒன்று வந்ததில் ஒரு வேகம் வந்துவிட்டது. சிறுகோளைப் புதிதாகப் படம் எடுக்கச் சொல்லி, அதன் பாதையைத் திருத்தி, மென்பொருளில் திரும்ப ஓட்டினேன். நிழலின் நடுக்கோடு விழுப்புரத்துக்குச் சற்றுத் தெற்கே வந்தது.

தாளைக் கொண்டுபோய் வைத்தேன். சார் கீழிருந்து மேலாகப் படித்தார். "முன்ன பின்ன எவ்வளவு?"

"பதினஞ்சு கிலோமீட்டர் சார்."

"பதினஞ்சா?" என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். அந்தக் காலத்தில் ஐம்பது அறுபது என்று சொல்வதுதான் வழக்கம். மென்பொருள் அப்படித்தான் போடுகிறது என்றேன். அது பொய்யில்லை. ஆனால் மென்பொருள் சொன்னது சிறுகோளின் பாதையில் இருக்கிற பிழையை மட்டும். நட்சத்திரமும் நகர்கிறது. பட்டியலில் அதன் இடத்தைக் குறித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பிழையைக் கையால் எடுத்துக் கூட்ட வேண்டும். நான் கூட்டவில்லை. மறந்தேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். பதினைந்து என்ற எண் எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் காரணம்.

தொலைநோக்கி மூன்றுதான். விழுப்புரம், விக்கிரவாண்டி, மண்டகப்பட்டு என்று போட்டிருந்தேன். சார் வரைபடத்தின் வடக்கே விரல் வைத்தார். "திண்டிவனம் உங்க ஊர்தானே? விக்கிரவாண்டிக்குப் பதிலா ஒருத்தர அங்க நிறுத்தலாமே."

அங்கே எதுவும் தெரியாது சார், ஒரு தொலைநோக்கி வீணாகும் என்றேன். "கணக்கு உங்களோடது," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

விழுப்புரத்தைப் பார்த்துக்கொள்ள ஜுலைகா டீச்சர் கிடைத்தார். கோட்டக்குப்பத்துக்காரர். விழுப்புரத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் இயற்பியல் எடுத்தார். துபாயில் இருந்த தம்பி, வருகிறபோது அக்காவுக்கு நகையோ சேலையோ வாங்காமல் நாலங்குலத் தொலைநோக்கி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வீட்டில் எல்லோரும் திட்டினார்களாம். நாங்கள் நடத்திய பயிற்சிக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு வந்துபோனார். சார் எழுதிய ஒரு பக்கத்தை மனப்பாடமாகச் சொல்வார். கிழக்குப் பாண்டி ரோடு பக்கம் வாடகை வீட்டு மாடியில் அவர். மண்டகப்பட்டில் குடைவரைக் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலைக் கொல்லை ஓரம் தாமோதரன் சார். விக்கிரவாண்டியில் நான்.

எனக்கு மேகம். எட்டு மணிக்கு முன்பே கிழக்கே ஒரு திட்டு எழும்பி வந்து நட்சத்திரத்தை மூடிவிட்டது. நெடுஞ்சாலையில் லாரி வெளிச்சம் போய் வந்துகொண்டிருந்தது. இருபது நிமிடம் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, கருவிகளைக் கட்டிக்கொண்டு விழுப்புரத்தில் எடுத்திருந்த லாட்ஜுக்குத் திரும்பினேன். சார் வந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது சில தடவைதான், அதில் அது ஒன்று. அவருக்கு மறைந்திருந்தது. ஒன்றரை வினாடி.

என் கணக்குப்படி மண்டகப்பட்டு நிழலின் வடக்கு ஓரம். அங்கே ஒன்றரை வினாடி என்றுதான் தாளில் போட்டிருந்தேன். அப்படியே வந்திருந்தது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். விழுப்புரத்தில் ஐந்து வினாடி வந்திருக்கும், காலையில் கேசட் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

காலையில் டீச்சர் பள்ளிக்குப் போகிற வழியில் லாட்ஜுக்கு வந்தார். கேசட்டையும் எழுதிய தாளையும் சாரிடம் கொடுத்தார்.

"மறையவே இல்ல சார்," என்றார்.

கண்ணை எடுக்காமல் பார்த்தீர்களா என்று சார் கேட்டார். எடுக்கவில்லை என்றார். நான் குறுக்கே புகுந்து, வேறு நட்சத்திரத்தைப் பார்த்திருப்பீர்களோ என்று கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பினார். அப்படிக் கேட்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அப்படி இருக்காதுன்னு நெனைக்கிறேன் சார்."

நினைக்கிறேன் என்று சொன்னார் அல்லவா, அதை நான் பிடித்துக்கொண்டேன். அவர் போன பிறகு கேசட்டை வாங்கிப் போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து சாரிடம் விளக்கினேன். மண்டகப்பட்டில் மறைந்தது நிச்சயம். கணக்கோடு வினாடி கூடப் பொருந்துகிறது. அப்படியானால் விழுப்புரத்தில் மறையாமல் இருக்க வழியே இல்லை. பக்கத்து நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறார், புதியவர்தானே.

சார் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. நிழல் வட்டமானது. நடுவில் நிற்பவருக்கு ஐந்து வினாடி என்றால் ஓரத்தில் நிற்பவருக்கு ஒன்றரை. மண்டகப்பட்டு ஓரம் என்று தெரியும், வடக்கு ஓரமா தெற்கு ஓரமா என்று தெரியாது. இதை ஒரு தாளில் வரைந்து காட்டினார். மண்டகப்பட்டு தெற்கு ஓரமாக இருந்தால் நிழல் முழுவதும் வடக்கே திண்டிவனத்தின் மேல் போயிருக்கும். டீச்சர் சொல்வது சரியாகிவிடும். அதற்கு என் கணக்கு நாற்பது கிலோமீட்டர் பிசகியிருக்க வேண்டும். முன்னே பின்னே பதினைந்து என்று சொன்னவன் நான்.

"கேசட்ட முழுசா கேட்டீங்களா?" என்றார். "ஆரம்பத்துல சுத்தி இருக்கிற நட்சத்திரத்தச் சொல்லியிருப்பாங்களே, அது பொருந்துதா?"

"கேட்டேன் சார். தெளிவா இல்ல."

நான் கேட்டது மறைய வேண்டிய நேரத்தின் ஒரு நிமிடம் மட்டும்தான். அதற்கு முன்னால் இருந்ததைக் கேட்கவே இல்லை. சார் பேனாவை எடுத்து எழுதினார். விழுப்புரம்: தவறான நட்சத்திரம், சேர்க்கப்படவில்லை.

அறிக்கையின் பிரதி டீச்சருக்குப் போயிற்று. பத்து நாளில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான்கு வரி. கேசட்டை ஆரம்பத்திலிருந்து கேட்டீர்களா என்று மட்டும் கேட்டிருந்தார். பதில் போடவில்லை. அடுத்த பயிற்சிக்கு யாரை அழைப்பது என்று பட்டியல் போட்டபோது அவர் பெயரை விட்டுவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து அலமாரி மாற்றும்போது அந்தக் கேசட் கையில் வந்தது. மதிய உணவு நேரம், அறையில் யாரும் இல்லை. முதலிலிருந்து போட்டேன். பெயர் சொன்னார், ஊர் சொன்னார். நட்சத்திரத்துக்கு இடப்பக்கம் மூன்று நட்சத்திரம் வரிசையாக இருக்கிறது, நடுவில் இருப்பது கொஞ்சம் சிவப்பு, கீழே மங்கலாக ஒரு ஜோடி என்று வகுப்பில் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்றும் இருந்தன, ஜோடியும் இருந்தது. பிறகு டிக் டிக் சத்தத்தின் மேல் பத்து வினாடிக்கு ஒரு தரம், பிசகாமல், இருக்கு, இருக்கு, இருக்கு. முழுதும் கேட்டேன்.

அந்த மாதம் சாருக்கு ஓய்வு. மாலை வாங்குவதும் போட்டோ எடுப்பதுமாக இருந்தார்கள். போய்ச் சொல்ல வேண்டும் என்றால், கேட்டேன் என்று அன்று சொன்னது பொய் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாளை சொல்லலாம் என்று இருந்தேன். அவர் ஊருக்குப் போய்விட்டார். ஐந்து வருடத்தில் தவறிவிட்டார் என்று தகவல் வந்தது. நான் என் பதவி உயர்வுகளை வாங்கிக்கொண்டு என் முறைக்கு ஓய்வு பெற்றேன். வரிசையாக மூன்று நட்சத்திரம் வானத்தில் வேறு இடத்திலும் இருக்கும் என்று அவ்வப்போது சொல்லிக்கொள்வேன். அதை நான் நம்பவில்லை, ஆனாலும் தூங்க உதவியது.

இதற்கிடையில் ஒரு செயற்கைக்கோள் நட்சத்திரங்களின் இடத்தையும் நகர்வையும் முன்பு யாரும் அளக்காத துல்லியத்தில் அளந்து கொடுத்துவிட்டது. இப்போது ஒழுங்காகக் கணித்தால் பெரும்பாலும் ஓரிரு கிலோமீட்டருக்குள் வருகிறது. தேன்மொழி கேட்ட கேள்விக்கு அதுதான் பாதி பதில். மீதி, புதிதாக வருகிறவர்களுக்கு. உங்கள் போனில் இருக்கிற வானப் படச் செயலியில் சிறுகோள் நட்சத்திரத்தைத் தொடாமல் போகிறதே என்று கேட்கிறீர்கள். அது என்றோ ஏற்றிய பழைய பாதையை வைத்துக்கொண்டு, மற்ற கோள்களின் இழுப்பைக் கணக்கில் எடுக்காமல் வரைகிற படமாக இருக்கலாம். திரையில் தலைமுடி அளவு விலகல் தரையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். எந்த மென்பொருளானாலும் பாதை எந்தத் தேதியில் எடுத்தது, நட்சத்திரப் பட்டியல் எது, அது போடுகிற பிழையில் நட்சத்திரத்தின் பிழையும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதைத்தான் நான் பார்க்காமல் விட்டேன்.

அவள் அனுப்பிய வரைபடத்துக்கு வருகிறேன். எங்கள் பழைய கணக்குகளைப் பயிற்சிக்காகப் புதிய பட்டியலில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். தை மாதத்து நிழல் திண்டிவனத்துக்கு மேல் அகலமாகப் போகிறது. என் வீடு அதற்குள் இருக்கிறது. அன்று என் வீட்டு மாடியில் யாராவது நின்றிருந்தால் முழுசாக ஐந்து வினாடி கிடைத்திருக்கும். மண்டகப்பட்டு தெற்கு ஓரம். விழுப்புரம் நன்றாக வெளியே.

போனில் கூப்பிட்டாள். "சார், விழுப்புரத்துல பாத்தவங்க சரியாத்தானே சொல்லியிருக்காங்க? ஏன் சார் அத தள்ளிட்டீங்க?"

அப்புறம் சொல்கிறேன்மா என்று வைத்துவிட்டேன்.

டீச்சர் ஓய்வு பெற்றுக் கோட்டக்குப்பத்தில் தம்பி குடும்பத்தோடு இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பஸ் பிடித்துப் போனேன். வெயிலில் இரண்டு தெரு நடப்பதற்குள் முட்டி விட்டுவிட்டது. தம்பி கதவைத் திறந்து உட்காரச் சொல்லி மின்விசிறியைப் போட்டார். டீச்சர் வந்தார். நரைத்திருந்தார், தடித்த கண்ணாடி. என்னை அடையாளம் தெரியவில்லை. ஊரையும் வேலையையும் சொன்னதும் தெரிந்துவிட்டது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

வரைபடத்தை மேசையில் விரித்து, புதிய கணக்கில் என்ன வந்தது என்று சொன்னேன். கண்ணுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப நான் பாத்தது அந்த நட்சத்திரந்தானா?"

"அதேதான் டீச்சர்."

அதற்குப் பிறகு மெதுவாகப் பேசினார். அறிக்கையைப் பார்த்த பிறகு ஒவ்வொரு தை மாதமும் மாடிக்குப் போய் அந்த நட்சத்திரத்தைத் தேடுவாராம். ஒவ்வொரு தடவையும் உடனே கிடைத்துவிடுமாம். ஆனால் அன்றைக்கும் இதைத்தான் பார்த்தோமா என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆறு ஏழு வருடம் இப்படி. பிறகு தொலைநோக்கியைப் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிட்டார். வகுப்பில் ஏதாவது அளந்து எழுதும்போது பக்கத்தில் இருக்கிற ஆசிரியரை ஒரு தரம் சரிபார்க்கச் சொல்லிவிட்டுத்தான் பிள்ளைகளுக்குச் சொல்வாராம். ஓய்வு பெறும் வரைக்கும் அப்படியே என்றார்.

நான் வந்த விஷயம் அதோடு முடியவில்லை. கேசட்டை நான் கேட்கவில்லை என்பதையும், கேட்டதாகச் சாரிடம் சொன்னதையும், பிறகு கேட்டுவிட்டுச் சும்மா இருந்ததையும் சொன்னேன். தம்பி எழுந்து உள்ளே போய்விட்டார்.

"தாமோதரன் சாருக்குத் தெரியுமா?" என்று டீச்சர் கேட்டார்.

"தெரியாது. அவர் தவறிட்டாரு டீச்சர். ரொம்ப வருஷமாச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரோட கையெழுத்துதானே இருந்திச்சு. இத்தினி வருஷமா நான் அவரத்தான் திட்டிக்கினு இருந்தேன் சார். மறையலன்னாலும் எழுதுங்கன்னு சொல்லிக் குடுத்துட்டு இப்படிப் பண்ணிட்டாரேன்னு. செத்துப்போன மனுஷன."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். அந்த இடத்தில் அது எனக்கு ஏதோ கேட்டு வாங்குவது போல இருந்தது. சொல்லவில்லை. டீ வந்தது. அவர் குடிக்கச் சொன்னார். குடித்தேன்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "நட்சத்திரம் சரியான நட்சத்திரம்னு எழுதிடுவாங்கல்ல?"

"எழுதிடுவாங்க."

"யாரு தப்புன்னும் எழுதச் சொல்லுங்க. இல்லன்னா அவரு பேருலயே நின்னுக்கினு இருக்கும்."

சரி என்றேன். திண்டிவனம் வந்து சேர இருட்டிவிட்டது. மறுநாள் தேன்மொழியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, பழைய அவதானிப்புகளைத் திருத்த உலக அளவில் ஒரு படிவம் இருக்கிறது, நிரப்பி அனுப்பலாம் என்றாள். இரண்டு நாளில் நிரப்பி என் பார்வைக்கு அனுப்பினாள். இடம்: விழுப்புரம். அவதானித்தவர்: ஜுலைகா. முடிவு: மறையவில்லை, ஏற்கப்படுகிறது. திருத்தத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் 'புதிய நட்சத்திரப் பட்டியல்' என்று போட்டிருந்தாள்.

அதை எடுத்துவிடும்மா என்றேன்.

"அதுவும் உண்மைதானே சார்? அப்படியே இருக்கட்டுமே. உங்களுக்கு எதுக்கு இப்ப?"

உண்மைதான். பட்டியல் வந்ததால் தெரிந்தது. ஆனால் பட்டியல் வருவதற்குப் பல வருடம் முன்பே கேசட்டில் அது இருந்தது. நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்: அவதானித்தவர் சரியான நட்சத்திரத்தையே பார்த்தார். அதற்கான சாட்சி ஒலிநாடாவில் இருந்தது. கணித்தவர் அதைக் கேட்காமலேயே கேட்டதாகப் பிரிவின் தலைவரிடம் சொன்னார். தலைவர் அதை நம்பிக் கையெழுத்திட்டார்.

படிவத்தில் கணித்தவர் பெயர் கேட்கிறது சார் என்றாள்.

"ஏழுமலை," என்றேன். "கோ. ஏழுமலை. திண்டிவனம்."